லொரைன் எடுத்த உத்தரியம்

லொரைன் டுடெக்கோடு நின்று பேசியவர்களுக்குத் தெரியும், அவள் கண் நம் முகத்தில் நிற்காது. தோளுக்குப் போகும், காலருக்குப் போகும். அங்கே ஒரு பஞ்சோ நூலோ தலைமயிரோ ஒட்டியிருந்தால் பேச்சு பாதியில் இருக்கும்போதே கை நீண்டு வந்து அதை எடுத்துவிடும். எடுத்ததைக் கீழே போடவும் மாட்டாள். விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பாள். அவளைக் கட்டியவன் ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அரிசோனாவுக்குப் போனான். போன இடத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை போட்டான். இங்கே என் சட்டையில் என்ன இருந்தாலும் யாருக்கும் தெரிவதில்லை, நிம்மதி, என்று எழுதியிருந்தான்.

அவள் எனக்கு அண்ணன் மகள் முறை. காஸ் டுடெக்கின் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். காஸின் அம்மா மூத்தவள், எனக்குப் பெரியம்மா. லொரைனைப் பெற்ற ஸ்டெல்லா பிலாட் வீட்டுப் பெண். ஸ்டெல்லாவின் அண்ணன் ப்ரூனோ பிலாட். ஆக காஸும் ப்ரூனோவும் மச்சான்கள். இவ்வளவு சொந்தம் தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். மிச்சத்தை நான் ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

எங்கள் ரோச்சஸ்டரில் போலந்துக்காரர்கள் இரண்டு வகை. ஹட்சன் அவென்யூப் பக்கம் ரோமைக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. போப்பாண்டவரும் வேண்டாம், அவர் அனுப்பும் ஆயரும் வேண்டாம் என்று என் தாத்தா காலத்தில் பிரிந்துபோய்த் தேசியக் கோயில் கட்டிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. பூசை ஒன்றுதான், பாட்டு ஒன்றுதான், ஈஸ்டருக்குக் கூடையில் வைத்து மந்திரித்து வாங்கும் முட்டையும் தொத்திறைச்சியும் ஒன்றுதான். ஆனால் தெருவில் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் நடைபாதையைவிட்டு இறங்கிவிடுவார். டுடெக் வீடு ரோமை. பிலாட் வீடு தேசியம்.

என் பெரியம்மா தன் மகன் காஸின் கழுத்தில் உத்தரியம் போட்டுவிட்டிருந்தாள். பழுப்புக் கம்பளியில் தீப்பெட்டி அகலத்துக்கு இரண்டு துண்டு. ஒன்று நெஞ்சில் கிடக்கும், ஒன்று முதுகில் கிடக்கும், இரண்டையும் தோள்மேல் போகும் கயிறு பிடித்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சாகிறவன் நரகத்துக்குப் போகமாட்டான் என்பது எங்கள் ஆட்கள் நம்பிக்கை. பிலாட் வீட்டில் அதற்குப் பெயர் கந்தல்.

ஐம்பத்தாறாம் வருஷக் கோடையில் சினிமாக்காரர்கள் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்துக்கு வந்தார்கள். படத்துக்கு ஏதோ பெரிய பெயர் இருந்தது. எங்களுக்கு அது என்றைக்கும் 'நம்ம படம்'தான். அதன் கடைசியில் கதாநாயகன் மைதானத்துக் கோடியில், வேலியோரம், பந்தைப் பொறுக்கி ஒரே வீச்சாக வீசுவான். பந்து மைதானம் முழுக்கப் பறந்து, மறுகோடியில் குந்தியிருப்பவன் கையுறையில் போய் விழும். வீசுகிறவன் முதுகுப் பக்கம் காமிரா. வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது. கதாநாயகனுக்கு முகம் இருந்ததே தவிர தோள் இல்லை. அவன் வீசினால் பந்து பாதி தூரத்தில் புல்லில் படுத்துக்கொண்டது. ஆகவே உள்ளூர் அணியிலிருந்து காஸையும் ப்ரூனோவையும் கூப்பிட்டு, இருவருக்கும் பதினேழாம் எண் சட்டை போட்டு, மாற்றி மாற்றி வீசச் சொன்னார்கள். ஆளுக்கு ஏழெட்டுத் தடவை வீசினார்கள். காஸ் வீசியதில் ஒன்று சரியாகப் போய்ச் சேர்ந்தது. ப்ரூனோ வீசியதில் ஒன்று சரியாகப் போய்ச் சேர்ந்தது. படத்தில் வைத்தது ஒன்று. எது?

ஊரே அன்று இருக்கைகளில் இருந்தது, ஆயிரத்துக்குமேல் ஜனம். நானும் இருந்தேன், பதினாலு வயது. ஆனால் எந்த எறி எப்படிப் போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் ஒருவன் கம்பில் சிவப்புக் கைக்குட்டை கட்டித் தூக்கிப் பிடித்திருந்தான். கூட்டம் முழுக்க அதையே பார்க்க வேண்டும், அப்போதுதான் எல்லோர் முகமும் ஒரு பக்கம் திரும்பியிருக்கும் என்று கட்டளை. என் ஆயுசில் நான் ஒழுங்காகக் கேட்ட ஒரே கட்டளை அது. பந்தைப் பிடித்தவனுக்காவது, படத்தைப் பார்த்தால், அது யார் எறிந்தது என்று தெரிந்திருக்கும். அவன் அறுபத்தொன்றில் லாரி மோதிச் செத்துப்போனான்.

படம் வந்தது. ரோமைக்காரர்கள் தங்கள் சங்கத்துச் சாராயக் கடையில் காஸின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள், 'எறிந்த கை' என்று எழுதி. மறு வாரம் தேசியக்காரர்கள் சங்கத்தில் ப்ரூனோவின் படம் ஏறியது, அதே எழுத்தோடு. அந்த வருஷமே காஸ் ஸ்டெல்லாவைக் கட்டினான். ப்ரூனோவைச் சீண்டத்தான் கட்டினான் என்று பாதி ஊர் பேசியது. இருவரும் பிலிம் ஆலையில் ஒரே ஷிப்டில், இருட்டறையில் அடுத்தடுத்து நின்று முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார்கள். இருட்டில் முகம் தெரியாதது இருவருக்கும் வசதியாக இருந்தது.

தொலைக்காட்சியில் நம்ம படம் வரும்போதெல்லாம் இரண்டு வீட்டிலும் பெட்டிக்கு முன்னால் மூக்கு இடிக்க உட்காருவார்கள். வீசுகிற ஆள் கட்டைவிரல் ரேகை மாதிரி ஒரு கறுப்புக் கறையாகத் தெரிவான். கேசட் வந்தது, இன்னும் மோசம். காஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான் சொல்வான்: "தெளிவா ஒரு நாள் வரும். அன்னைக்குப் பேசிக்கலாம்." ஏன் அவ்வளவு தைரியம் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். வேறு என்ன இருந்தது அவனுக்கு? ஆலையில் பெயர் எடுக்கவில்லை, வீட்டில் நல்ல வார்த்தை பேசியதில்லை. அந்த ஒரு எறிதான் அவன் சொத்து. அவனுக்கு முன்னால் பியர் வைப்பவன்கூட "கை வந்தாச்சு" என்றுதான் வைப்பான்.

தொண்ணூற்றெட்டில் ஸ்டெல்லா செத்தாள். லொரைனும் அவள் அப்பனும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போனது அன்றிலிருந்துதான். ஸ்டெல்லா நாற்பது வருஷம் புருஷனோடு ரோமைக் கோயிலில் உட்கார்ந்திருந்தாளே தவிர முழங்கால் போட்டதில்லை. என்னை என் அப்பாவின் கோயிலிலிருந்து எடுங்கள் என்று மகளிடம் சொல்லியிருந்தாளாம். காஸ் கேட்கவில்லை. ரோமைக் கோயிலிலிருந்துதான் எடுத்தான். ப்ரூனோவை வாசலோடு நிறுத்தினான். பெட்டியில் கிடத்தியிருந்தபோது லொரைன் குனிந்து பார்க்கிறாள், அம்மாவின் கழுத்தில் அந்தப் பழுப்புத் துணி. என் பெரியம்மா கையால் தைத்தது, காஸ் வாலிபத்தில் போட்டிருந்த அதே துணி. லொரைனின் கை வழக்கம்போல் நீண்டது, எடுத்துவிட. காஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து, அத்தனை பேர் பார்க்க, இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினான். பெட்டியை மூடும்வரை பிடியை விடவில்லை. மறுநாள் அவள் கையில் நாலு விரல் தடமும் நீலமாக இருந்தது. நானே பார்த்தேன்.

லொரைனின் வேலையைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் புகைப்படக் கடைக்குப் போனாள். கழுவி எடுத்த படத்தில் தூசி விழுந்த இடம் வெள்ளைப் புள்ளியாக இருக்கும். மூன்று மயிர் உள்ள தூரிகையால் அந்தப் புள்ளியை மூடுவது அவள் வேலை. கடை போனபின், பழைய பொத்தான் ஆலைக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் டிரஸ்க் என்பவன் நடத்தும் இடத்தில் சேர்ந்தாள். பழைய படங்களைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, கீறல் எடுத்து, வீட்டில் பெரிய டிவியில் போட்டுப் பார்க்கிற மாதிரி ப்ளூரே வட்டாகக் கொண்டுவருவது அவன் தொழில். பிலிமை ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடித்துக் கணினிக்குள் ஏற்றுவார்கள். முதலில் இயந்திரம் ஒரு சுற்று துடைக்கும். மிச்சத்தை லொரைன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கையால் எடுப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு பிரேம். ஓடினால் எட்டு நொடி. பதினாறு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாய்க்கு மோப்பம் மாதிரி அவளுக்குத் தூசி.

அந்த டிரஸ்க்தான் நம்ம படத்தின் மூலப் பிலிமை அதன் சொந்தக்காரர்களிடம் கெஞ்சி ஒரு மாதத்துக்கு வாங்கினான். படம் பிடித்துக்கொண்டு பிலிமைத் திருப்பி அனுப்பினான். அது இனி வெளியே வராது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். இயந்திரம் துடைத்த முதல் பிரதியைப் போட்டுப் பார்த்தால் எறிகிற காட்சியில் பந்து இல்லை. தூசி என்பது ஒரு பிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. பறக்கிற வெள்ளைப் பந்தும் இயந்திரத்தின் கண்ணுக்கு அப்படித்தான், ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு இடத்தில். மொத்தத்தையும் வழித்துப் போட்டுவிட்டது. கதாநாயகன் காற்றை எறிகிறான், எதிர்ப்பக்கத்தான் காற்றைப் பிடிக்கிறான், ஆயிரம் பேர் கை தட்டுகிறார்கள். டிரஸ்க் லொரைனிடம், துடைக்காத பிரதியை வைத்துக்கொண்டு பந்தை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக் கொடுங்கள் என்றான். தொண்ணூற்றாறு பிரேம்.

வைக்கும்போதுதான் அவள் கண்ணில் பட்டது. கை சுழன்று மேலே போகும்போது காலருக்குப் பின்னால் ஏதோ குதித்து வெளியே வருகிறது. தீப்பெட்டி அகலம். கறுப்பு வெள்ளைப் படமாகையால் கறுப்பாக, நாலு மூலையோடு. கயிறுகூடத் தெரிகிறது. முப்பத்தொரு பிரேம் அது முதுகில் கிடக்கிறது, ஆளோடு சேர்ந்து அசைகிறது. இயந்திரம் அதைத் தொடவில்லை, ஏனென்றால் அது தூசி மாதிரி ஓடி மறையவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. இது படத்துக்குச் சொந்தம் என்று இயந்திரத்துக்கே தெரிந்திருந்தது.

லொரைனுக்குத் தெரியாதா? ப்ரூனோ வீட்டில் யாரும் அதைப் போடமாட்டார்கள். எறிந்தது தன் அப்பன்தான். அறுபத்துமூன்று வருஷமாக ஊர் அடித்துக்கொண்ட கேள்விக்குப் பதில் அவள் பேனா முனையில் கிடந்தது.

அவள் முப்பத்தொரு பிரேமிலும் அந்தத் துணியை எடுத்தாள். பக்கத்துச் சட்டைத் துணியை எடுத்து அந்த இடத்தில் பூசினாள். ஒன்றரை நாள் ஆனது. பிறகு எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்து பந்தை வைத்து முடித்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். அது எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாத இடம், ஆகவே இரண்டு கூட்டமும் வரும், ஆளுக்கு ஒரு பக்கம் உட்காரும். டிரஸ்க் அங்கே திரை கட்டிப் புது வட்டைப் போட்டுக் காட்டினான். காஸுக்கு அப்போது எண்பத்துநாலு. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. எனக்கு அடுத்த நாற்காலி. இரண்டு மேசை தள்ளி லொரைன். அப்பனும் மகளும் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தக் காட்சி வந்தது. என்ன சொல்ல, சட்டையின் தையல் தெரிந்தது. புல் தனித்தனியாகத் தெரிந்தது. பந்தின் சுழற்சி தெரிந்தது. தூரத்துக் கூட்டத்தில் நான்கூட இருந்தேன், வாயைப் பிளந்து கைக்குட்டையைப் பார்த்தபடி. கூடத்தில் யாரும் முள்ளைக்கூடத் துப்பவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ப்ரூனோ எழுந்தான். "நிறுத்து. திருப்பிப் போடு."

டிரஸ்க் திருப்பிப் போட்டான். ப்ரூனோ இன்னும் ஒரு தடவை போடச் சொன்னான். பிறகு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றான்.

"காஸ். உன் எறியில ஒண்ணே ஒண்ணுதான் போய்ச் சேந்துச்சு. ஆமாவா இல்லையா?"

"ஆமா."

அறுபத்துமூன்று வருஷத்தில் மச்சானைப் பார்த்துக் காஸ் சொன்ன முதல் ஆமா அது.

"அந்த எறியில உங்கம்மா தச்ச கந்தல் சட்டைக்கு வெளிய வந்து முதுகுல தொங்குச்சு. கழட்டிட்டு வாடான்னு சினிமாக்காரன் சொன்னதுக்கு, கழட்டிட்டேன்னு பொய் சொல்லிட்டு உள்ளாற போட்டிருந்த. அவன் பாக்கறதுக்குள்ள நான்தான் ஓடியாந்து உள்ள திணிச்சேன். என் கையால அதத் தொட்டேன்னு வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன்."

"ஆமா," என்றான் காஸ். அவன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம். இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் வைத்திருந்த துருப்புச் சீட்டு அதுதான். அதை எதிரியே கையில் எடுத்துக் கொடுக்கிறான். அவன் இன்னும் கணக்குப் போடவில்லை.

"அப்ப இதுல எங்கடா அது?"

காஸ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனான். டிரஸ்க் படத்தை நிறுத்தி வைத்திருந்தான். காஸின் மூக்கு திரையில் முட்டியது, அவன் நிழல் எறிகிறவன் முதுகில் விழுந்தது. ஒதுங்கி நின்று பார்த்தான். கைத்தடியின் நுனியால் காலரைத் தொட்டான், அதை விலக்கினால் உள்ளேயிருந்து வரும் என்பதுபோல. நான் லொரைனைப் பார்த்தேன். மேசை விரிப்பிலிருந்து ஒரு நூலைப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றான் காஸ். ப்ரூனோ பக்கம் திரும்பி, "அப்ப இது நீ."

தேசியக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒருவன், "கை வந்தாச்சு, இன்னொரு மீன் வைங்க," என்றான். அதைவிட மோசம் எங்கள் பக்கம். இத்தனை வருஷம் காஸ் குடித்த பியரை எல்லாம் இவனுக்காகவா வாங்கிக் கொடுத்தோம் என்று அவன் காதுபடப் பேசினார்கள். அவன் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். மீனைத் தொடவே இல்லை.

மறுநாள் காலையில் சங்கத்துக்குப் போய்ச் சுவரிலிருந்த தன் படத்தைத் தானே கழற்றினானாம். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பனியில் ஆறு தெரு நடந்து, ப்ரூனோ வீட்டு வாசலில் முகம் குப்புற வைத்துவிட்டு, மணி அடிக்காமல் திரும்பினான். இதை எனக்குச் சொன்னது ப்ரூனோவின் மகனைக் கட்டியவள். லொரைனிடம் சொன்னது நான்.

என் சமையலறையில்தான் சொன்னேன். அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "துணி இருந்துச்சு அத்தை," என்றாள்.

"எந்தத் துணி?"

"நான்தான் எடுத்தேன்."

எனக்குப் புரிந்தது. நீயெல்லாம் ஒரு பெண்ணா, அந்தக் கிழவனுக்கு வேறு என்ன இருந்தது, எறிந்தவன் கையை வெட்டியதற்குச் சமம் இது என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் தன் மணிக்கட்டைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அம்மா கழுத்துல கெடந்தத எடுக்க விடல. இத எடுத்தேன்," என்றாள். கூடத்தில் அவன் கைத்தடியால் தடவித் தேடியதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாளாம். ஒரு நிமிஷம் இருந்ததாம். பிறகு இல்லையாம்.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோயில் பூசையும் முடிந்த கையோடு இரண்டு கிழவர்களையும் என் வீட்டுக்கு வரவழைத்தேன். காஸிடம் ப்ரூனோ வருவதைச் சொல்லவில்லை, ப்ரூனோவிடம் காஸ் வருவதைச் சொல்லவில்லை. சொன்னால் எவன் வருவான்? மேசையின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் லொரைன் மடிக்கணினியை வைத்து, இயந்திரமும் அவளும் தொடாத பிரதியைப் போட்டாள். கீறலும் புள்ளியுமாக மழை கொட்டுகிற மாதிரி இருந்தது. அதற்குள் கை சுழன்றது. காலருக்குப் பின்னால் துணி குதித்தது.

"துணி இருக்கு," என்றாள் லொரைன். "எறிஞ்சது அப்பா. துணிய அழிச்சது நான். தெரிஞ்சேதான் அழிச்சேன்."

ப்ரூனோ முதலில் சிரித்தான். "என் தங்கச்சி மகளுக்கு நல்ல வெவரம். வெள்ளிக்கிழமை இல்லாத துணி ஞாயித்துக்கிழமை எப்படி வந்துச்சு?"

"மாமா, இதுதான் மூலம். நான் கை வெக்காதது."

"நீ அழிச்சத ஊரே உக்காந்து பாத்துச்சு. ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதா? அவ்ளோ சுத்தமா அழிக்கத் தெரிஞ்சவளுக்கு ஒரு சதுரம் வரையத் தெரியாதா? உங்கப்பன் முகம் வாடினது பொறுக்கல, ரெண்டு நாள்ல வரஞ்சு எடுத்துட்டு வந்துட்ட." ஊன்றுகோலை எடுத்துக்கொண்டான். "அந்தப் பிலிமக் கொண்டா. வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறேன். முப்பத்திரண்டு வருஷம் அதோடதான் கெடந்தேன், எனக்குத் தெரியும். கணினியில காட்டாத."

பிலிம் வராது. அது அவனுக்கும் தெரியும். டிரஸ்க்கே பிறகு எழுதிக் கேட்டான், சொந்தக்காரர்கள் ஒரு வரியில் முடியாது என்றார்கள்.

காஸ் திரையில் நின்றிருந்த அந்தத் துணியையே பார்த்தான். எறிந்தது தான்தான் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் மகளைப் பார்த்தான், இருபது வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேராக.

"உங்கம்மாவுக்கு அத நானாப் போடல. அவ கேட்டா. கடைசி வாரம், நீ வேலைக்குப் போயிருந்தப்ப. பயமா இருக்கு, உங்கம்மா தச்சதக் குடுங்கன்னு கேட்டா."

"பொய்," என்றாள் லொரைன்.

"என் தங்கச்சி கந்தலக் கேக்க மாட்டா," என்றான் ப்ரூனோ வாசலில் நின்றபடி. அந்த ஒரு விஷயத்தில் மாமனும் மருமகளும் ஒரு கட்சி.

"ஏன் அப்பவே சொல்லல?" என்றாள் லொரைன்.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னா. பிலாட் வீட்டுல சிரிப்பாங்கன்னா." காஸ் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டான். "நீ எதையும் நம்ப வேணாம். ஆனா நீ தொட்ட எதையும் இனி நான் பாக்கறதா இல்ல. துணி உள்ளதும் வேணாம், இல்லாததும் வேணாம்."

ஸ்டெல்லா கேட்டாளா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வாரம் நான் ஃப்ளோரிடாவில் இருந்தேன். நடக்கிறபோது நான் எப்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லொரைன் டிரஸ்க்கிடமும் போய்ச் சொன்னாள். அவன் காது வரை சிவந்துபோனான். இயந்திரம் தப்பு செய்தால் மன்னிப்பு எழுதலாம், நீங்கள் செய்ததை என்னவென்று எழுதுவது என்று கேட்டானாம். கடைசியில், ஒரு காட்சியில் படத்துக்குச் சொந்தமான ஒரு சிறு விவரம் தவறுதலாகச் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது, கடிதம் எழுதுகிறவர்களுக்குத் திருத்திய வட்டு அனுப்பப்படும் என்று அறிவித்தான். துணியைத் திரும்ப வைக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தான். பூசியதை நீக்கினால் அடியில் இருந்தது வந்தது. அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும் கதவுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

ஆகவே இப்போது எங்கள் ஊரில் நம்ம படத்துக்கு இரண்டு வட்டு இருக்கிறது. உறை ஒன்றுதான், அட்டைப் படம் ஒன்றுதான். திருத்தியதில் நடுத் துளையின் ஓரத்தில் சின்னதாக இரண்டு என்று ஓர் எண் இருக்கும், கண்ணாடி போட்டால் தெரியும். டுடெக் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் கடிதம் எழுதி அதை வாங்கினார்கள். பிலாட் வீட்டில் ஒருவர்கூட எழுதவில்லை. பழையது உடைந்துவிடுமோ என்று இரண்டு மூன்றாக வாங்கி வைத்திருக்கிறார்கள். ரோமைச் சங்கத்தில் துணி உள்ள வட்டு ஓடுகிறது, தேசியச் சங்கத்தில் துணி இல்லாத வட்டு. கறையாகத் தெரிந்த காலத்திலாவது சந்தேகம் என்று ஒன்று இருந்தது, யாராவது ஒருத்தர் அசந்தால் விட்டுக்கொடுப்பார்கள். இப்போது இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துவிட்டது. போன ஈஸ்டருக்குக் கூடையை மந்திரித்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் இரண்டு வீட்டுப் பெண்களும் முட்டையை எறிந்துகொண்டார்கள். மந்திரித்த முட்டை.

காஸின் படத்தை ப்ரூனோ திருப்பிக் கொடுக்கவில்லை. தன் கார் நிறுத்தும் கொட்டகையில் மாட்டியிருக்கிறான், காஸ் அந்தத் தெருவழியே போனால் தெரிகிற மாதிரி. காஸ் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். புதுப் படம் மாட்டுகிறோம் வா என்று கூப்பிட்டவர்களிடம், வெள்ளிக்கிழமை உங்கள் வாயைக் கேட்டுவிட்டேன், போங்கள் என்றானாம்.

லொரைனை இரண்டு வீட்டிலும் சேர்ப்பதில்லை. டுடெக் வீட்டுக்கு அவள் அழித்தவள், பிலாட் வீட்டுக்கு அவள் வரைந்தவள். இப்போது ஒரு பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துக் கொடுக்கிறாள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் என் வீட்டுக்கு வருவாள். நான் காப்பி கொடுப்பேன். அதிகம் பேசுவதில்லை. பேசும்போது அவள் கண் என் தோளுக்குப் போகும், கை மெதுவாக நீளும். நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். என்மேல் ஒட்டியிருப்பது ஒட்டியிருந்துவிட்டுப் போகட்டும்.